கேட்டது யாரை? சொன்னது யார்?

சிறுகதையைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தைத் திறனாய்வு செய்கிறோம். படம் வெளிவந்த மறுநாளே, வசனம் எப்படி, பாட்டு எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறோம். ஆனால் நம் வயலையும் மலையையும் நம் பிள்ளைகளின் வாழ்வையும் தொட்டுச் செல்லும் ஓர் இலக்கியம், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சாகிக் குவிகிறது. அதைத் திறனாய்வு செய்வார் எவருமில்லை. பாராளுமன்றத்திலே அரசு தரும் விடைகளைத்தான் சொல்கிறேன். அதை இலக்கியம் என்று சொல்லலாமா எனச் சிலர் நகைக்கக்கூடும். மரபு பிறழாத யாப்பு உண்டு, மறைபொருள் உண்டு, அளவான கற்பனையும் உண்டு. வேறென்ன வேண்டும்?

போடி மலையைப் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

போடிநாயக்கனூர் ஏலத்துக்குப் பேர்போன ஊர். காயும் ஏலம், அதை விற்கும் முறையும் ஏலம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக் கூடத்திலே இன்று கூவல் இல்லை. கணினித் திரை வந்துவிட்டது. ஆயினும் எந்தக் குவியலுக்கு என்ன விலை என்ற கேள்விக்கு அங்கே நொடியில் விடை கிடைக்கிறது. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து, எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களிலே காய் பறித்துவிட்டு, அந்தி சாயும் வேளையில் மலையிறங்கும் தாய்மார்கள் நிரம்பிய ஊர் அது. அவர்களும் கேட்டார்கள்: "நம் மலையைக் குடையப் போகிறார்களாமே, எதற்கு?"

அந்தக் கேள்விக்கு அவர்கள் பிழைப்பிலே இடமிருந்தது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு அருகே, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, மலையின் வயிற்றுக்குள்ளே 50,000 டன் காந்த இரும்பைக் கொண்ட கருவியை நிறுவி, நியூட்ரினோ எனும் நுண்துகளை ஆராய்வது திட்டம். முதலில் நீலகிரியின் சிங்காராவைப் பார்த்தார்கள். முதுமலைப் புலிகளுக்கும் யானைகளுக்கும் இடையூறு என்று 2009-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகு போடி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்.

பகுத்தறிவாளர் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நியூட்ரினோ பேயுமல்ல, பூதமுமல்ல. கதிரவனிலிருந்து ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் இந்த வரியைப் படிக்கும் உங்கள் உடலை ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கின்றன. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலே, 1965-ல், காற்றுமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டவர்களில் இந்திய அறிவியலாரும் உண்டு. அது நமக்குப் பெருமை. ஆகவே, துகளைக் கண்டு அஞ்சுவது வேறு. மலையைக் குடைய வைக்கும் வெடியையும், வெளியேறும் பாறைத் தூளையும், அதற்கு வேண்டிய நீரையும், முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகளின் பாதுகாப்பையும் பற்றிக் கேட்பது வேறு. முன்னது அறியாமை. பின்னது குடிமகனின் கடமை.

இந்தக் கடமையைக் குடிமகனுக்காகச் செய்ய வேண்டிய இடம் பாராளுமன்றத்தின் கேள்வி நேரம். யாரைக் கேட்பது? அணுசக்தித் துறை 1954 ஆகஸ்ட் 3-ல் அமைக்கப்பட்ட நாளிலேயே, பிரதமரின் நேரடிப் பொறுப்பில் வைக்கப்பட்டது. நியூட்ரினோ திட்டத்தை முன்னின்று நடத்துவது அந்தத் துறை. எனவே கேள்வித்தாளின் முதல் வரி, "பிரதமர் அன்புகூர்ந்து தெரிவிப்பாரா" என்றே தொடங்கும். விடைத்தாளின் முதல் வரியைப் பாருங்கள்: விடையளிப்பவர், இணையமைச்சர்!

2014 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஜிதேந்திர சிங். அதற்கு முன், காங்கிரஸ் ஆட்சியில், கூடங்குளம் கொதித்த நாட்களிலே பிரதமர் அலுவலகத்தின் இணையமைச்சராய் இருந்தவர் புதுவை நாராயணசாமி. கட்சி மாறியது, நடைமுறை மாறவில்லை. ஆகவே ஒரு மனிதர் மீது வைக்கும் குற்றச்சாட்டு அல்ல இது. நாடகத்தின் தலைப்பில் ஒருவர் பெயர்; மேடையில் வருபவர் வேறொருவர்; சீட்டு வாங்கியவர்கள் கடைசிவரை தலைமை நடிகரைப் பார்க்காமலேயே வீடு திரும்புகிறார்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி, விடையின் நடைக்கு வருவோம். மூன்று சொற்றொடர்கள் அங்கே கோலோச்சுகின்றன. "(அ) முதல் (ஈ) வரை" என்பது ஒன்று. நான்கு கேள்விகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, எதற்கு எது விடை என்று எவரும் பிரித்தறிய முடியாதபடி செய்துவிடும் வித்தை. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்" என்பது இரண்டு. "வினா எழவில்லை" என்பது மூன்று. மூன்றிலும் மணிமுடி இதற்குத்தான். பொட்டிப்புரத்து உழவனுக்கு எழுந்த வினா, டில்லியில் எழவில்லையாம்! எழவில்லை என்று யார் தீர்மானித்தது? வினாவைத் தூங்க வைத்துவிட்டு, எழவில்லை என்று சொல்வது எந்த அறத்தில் சேர்த்தி?

இந்த விடைகள் அச்சாவது ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழ்நாட்டு மலையைப் பற்றித் தமிழ்நாட்டு உறுப்பினர் கேட்ட கேள்விக்கு, தமிழிலே ஒரு படி இல்லை. மலையடிவாரத்துக்காரன் அதைப் படிக்க வேண்டுமென்றால் இன்னொருவனிடம் போய் நிற்க வேண்டும். அந்த இன்னொருவன் சொன்னதே அவனுக்கு விடை. அங்கேதான் வதந்திக்கு வாசல் திறக்கிறது. சுரங்கத்திலே அணுக்கழிவைப் புதைப்பார்கள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியதற்கு மக்களின் அறியாமையைப் பழிக்கிறார்கள் சில பெரியவர்கள். நாட்டின் தலைமை அமைச்சர் அவையில் எழுந்து, "அந்த மலையில் கழிவைப் புதைக்க மாட்டோம், இது என் பொறுப்பு" என்று தம் வாயால் ஒரு வரி சொல்லி, அது மறுநாள் தமிழ் ஏடுகளின் முதற்பக்கத்தில் வந்திருந்தால், அந்தப் பேச்சுக்கு அத்தனை கால்கள் முளைத்திருக்குமா?

தலைமை அமைச்சரின் வாய்ச்சொல்லுக்கு அப்படி என்ன மதிப்பு என்று கேட்பவர்கள், மொழிப்போரின் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1959 ஆகஸ்ட் 7. மக்களவையிலே பண்டித நேரு எழுந்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் துணைமொழியாய் நீடிக்கும், முடிவு அவர்களுடையது என்ற பொருள்பட உறுதி கூறினார். அது சட்டமல்ல, வெறும் வாக்குறுதி என்று திராவிட இயக்கம் இடித்துரைத்தது. 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, "நீடிக்கலாம்" என்பது போதாது, "நீடிக்க வேண்டும்" என்று எழுதுக என்றது. இடித்துரைத்தது சரியே. ஆயினும் 1965-ல் தமிழகம் பற்றியெரிந்தபோது, எல்லோர் கையிலும் கேடயமாய் இருந்தது எது? நேருவின் வாக்குறுதி! பிப்ரவரி 11-ல் வானொலியில் பேசிய லால் பகதூர் சாஸ்திரி, தமக்கு முன்னிருந்தவரின் சொல்லைக் காப்பேன் என்றுதான் கூற வேண்டியிருந்தது. 1967-ன் திருத்தச் சட்டம் அந்தச் சொல்லிலிருந்தே பிறந்தது. இதை ஓர் இணையமைச்சர் எழுத்து விடையாய் மேசைமீது வைத்திருந்தால், எவன் அதை நினைவில் வைத்திருப்பான்? எவனை அது கட்டுப்படுத்தியிருக்கும்?

போடிக்குத் தெற்கே, இதே மலைத்தொடரிலே, தமிழக கேரள எல்லையில் கண்ணகிக் கோட்டம் நிற்கிறது. சிலம்பின் கதையிலே தீ எழுந்த விதத்தைப் பகுத்தறிவு ஏற்காது, ஏற்க வேண்டியதுமில்லை. அரசவைக் காட்சியை மட்டும் எண்ணிப் பாருங்கள். வாயிலில் வந்து நின்றவள் ஒரு வணிகப் பெண், வேற்றூராள், துணையிழந்தவள். பாண்டியன் அவளிடம் அமைச்சனை அனுப்பவில்லை. தானே வரச்சொன்னான், தானே கேட்டான், பரல் சிதறியதும் தானே தன் தவற்றை ஒப்புக்கொண்டான். முடியாட்சியின் மன்னனிடம் எதிர்பார்த்ததை, குடியாட்சியின் தலைவரிடம் எதிர்பார்ப்பது பேராசையா?

பிரிட்டனிலே 1961 முதல் பிரதமரைக் கேட்பதற்கென்றே நேரம் வகுத்தார்கள். 1997 முதல் புதன்கிழமைதோறும் அரைமணி நேரம். அங்கும் கூச்சலும் கும்மாளமும் மிகுதி, ஆழம் குறைவு என்று குறை சொல்வோர் உண்டு. ஆனாலும் வாரம் ஒருமுறை, எதிர்க்கட்சிக்காரரின் முகத்துக்கு நேரே எழுந்து நின்றாக வேண்டும். இங்கே 2020 செப்டம்பரில் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நீக்கினார்கள். எழுத்து விடை மட்டும் தப்பியது. துணைக்கேள்வி கேட்க முடியாத விடை, அது! வழக்குமன்றத்தில் குறுக்கு விசாரணை இல்லாத சாட்சியத்தை யார் நம்புவார்?

பணி மிகுந்தவர், எல்லாவற்றுக்கும் அவரே எழ முடியுமா, அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு இல்லையா என்பர். இருக்கிறது, அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் போடி மலைக் கதையின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. கேரளத்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா, திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. (நுழைந்தவன் வழி தவறி மதி மயங்குவானாம், பெயர்க் காரணம் அப்படிச் சொல்கிறார்கள். அரசுக் கோப்புகளுக்குள் நுழைந்தவனுக்கு என்ன பெயர் வைப்பது?) 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு அந்த அனுமதியை ஏற்றது; தேசிய வனவிலங்கு வாரியத்தின் இசைவு வேண்டும் என்றும் சொன்னது. அந்த வாரியத்தின் தலைவர் யார்? பிரதமர்! அன்றாட முடிவுகளை எடுப்பது சுற்றுச்சூழல் அமைச்சரின் தலைமையிலான நிலைக்குழு என்பது உண்மைதான். ஆயினும் இசைவு கேட்கும் துறைக்கும் அவர் தலைவர், இசைவு தரும் வாரியத்துக்கும் அவர் தலைவர். இரண்டு நாற்காலியிலும் ஒருவரே இருக்கும்போது, இரண்டுக்கும் பொதுவான கேள்விக்கு மூன்றாமவர் எப்படி விடை சொல்வார்?

டில்லியை மட்டும் சாடிவிட்டு ஓய்வது நேர்மையாகாது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நாளிலே, சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் ஓ. பன்னீர்செல்வம், போடிநாயக்கனூர் தொகுதியின் உறுப்பினரே அவர்தாம். மலைக்கு அதைவிடப் பக்கத்தில் இன்னொரு முதலமைச்சர் கிடைப்பது அரிது. அந்த மலையின் கேள்விக்கு, ஓர் அரசின் தலைவர் என்ற நிலையில், உரத்த தெளிவான விடை அங்கிருந்து புறப்பட்டிருந்தால் பின்னர் வழக்குமன்றங்களுக்கு அலைந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு எழுதிக் கொடுத்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஏழாண்டுகள்!

கேள்வி கேட்கும் நம் உறுப்பினர்களின் நடைக்கும் ஒரு சொல். "...என்பது உண்மையா? ஆம் எனில் விவரம் என்ன? இல்லையெனில் காரணம் என்ன?" இந்த அச்சிலே வார்த்த கேள்விக்கு, அந்த அச்சிலே வார்த்த விடைதான் வரும். குடைச்சல் நடக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வெடிமருந்து? பாறைத் தூளைக் கொட்டுவது எந்தச் சர்வே எண்ணில்? கிணறு வற்றினால் இழப்பீடு கொடுப்பது எந்த அதிகாரி? இப்படிக் கேட்டால், "வினா எழவில்லை" என்பதற்கு இடம் சுருங்கும்.

மக்களவை விதிப்படி ஒரு கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். முழுதாய் 15 நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கு 20 கேள்விகள் மட்டுமே பட்டியலில் ஏறும்; பிரதமரின் துறைகளுக்கு முறை வருவது புதன்கிழமை. தேனி மாவட்டத்து இளைஞர் மன்றங்கள், கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதோடு, நட்சத்திரக் குறியிட்ட கேள்வியொன்றையும் தமிழிலே எழுதித் தங்கள் உறுப்பினரின் கையில் கொடுக்கட்டும். அது பட்டியலில் ஏறிய நாளிலே அவர் அவையில் இருந்தாரா, துணைக்கேள்விக்கு எழுந்தாரா, விடை சொல்ல எழுந்தவர் யார் என்பதையும் குறித்து வைக்கட்டும்.