புகைவண்டியும் புகைப்படமும்

தமிழில் புகையைத் தம் பெயரிலேயே தாங்கிநிற்பவற்றுள் இரண்டு: ஒன்று புகைவண்டி, மற்றொன்று புகைப்படம். வண்டி புகையை விட்டொழித்துப் பல்லாண்டுகளாயின. ஆயினும் பழைய நீராவி வண்டியின் கருப்பு வெள்ளைப் படமொன்றைக் கண்டதும் நம் நெஞ்சம் நெகிழ்கிறது. அந்நெகிழ்ச்சி கலையின் வெற்றியா, அன்றி வெறும் ஏக்கமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கரிய எஞ்சின், வெண்ணிற நீராவி, சாம்பல்நிறப் புகை என நீராவி வண்டி இயல்பிலேயே வண்ணங்களைத் துறந்த பொருள். 1955-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில், வெண்ணிற நாணற்பூக்களுக்கு அப்பால் கரும்புகை கக்கிச் செல்லும் வண்டியை அப்புவும் துர்க்காவும் காணும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். அங்கே வண்ணம் குறையாகத் தோன்றுவதில்லை. மற்றொரு காரணமும் உண்டு. கருப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. முறையாகக் கழுவப்பெற்றால் நெடுங்காலம் நிற்கும். எழுபதுகளின் வண்ணப் படங்களோ சாயம் மங்கிச் செந்நிறம் பாய்ந்துவிட்டன.

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க். 1955 முதல் 1960 வரை, நார்போக் அண்ட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையின் இறுதி நீராவி வண்டிகளைப் பெரும்பாலும் இரவில், பல பிளாஷ் பல்புகளை ஒருங்கே ஒளிரச்செய்து அவர் படமெடுத்தார். 1956-இல் எடுத்த படமொன்றில், திறந்தவெளித் திரையரங்கில் காரில் ஓர் இணை அமர்ந்திருக்க, திரையில் விமானம் பறக்க, அப்பால் புகைவண்டி விரைகிறது. காரிலிருப்போர் அவர் அமரச்செய்தவர்கள். திரையிலுள்ள விமானமோ பின்னர் வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்க்கப்பட்டது. அவர் ஆற்றலை நாம் வியக்கிறோம். ஆயினும் அங்கே வண்டியே தலைவன். மாந்தர் அதற்கு அணிசெய்ய நிற்பவர்கள். ஏக்கம் தரும் படங்களின் பொதுக்குறை இதுவே: போனது எது என்பதைக் காட்டும், இழந்தவர் யார் என்பதைக் காட்டாது.

ஐதர் அலி பிறந்த பூதிகோட்டையில் வாழும் நமக்கு இக்குறை எளிதில் புலப்படும். அந்நாளில் பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை, தங்கச் சுரங்கங்களுக்காக 1894-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! எம் இல்லத்தில் அறுபதுகளில் எடுத்த படமொன்று உள்ளது. மாரிக்குப்பம் நிலையத்தில் பெரியப்பாவை மாலையிட்டு வழியனுப்பும் காட்சி. படம் சற்றே கலங்கியது. எஞ்சினின் முகப்பும் பாதி வெட்டுண்டது. கலைநோக்கில் தேறாத படந்தான். ஆயினும் சுரங்கப் பணிமுடிந்து நேரே வந்த ஒருவர் ஓரத்தில் களைத்து நிற்கிறார். படத்தின் உயிர் அவரே. அவர் பெயரைச் சொல்ல இன்று எம் வீட்டில் ஒருவரும் இல்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அதே பாதையில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். முன்பு வேலை தேடி நம் முன்னோரை இங்கே கொணர்ந்த பாதை, இப்போது நம் பிள்ளைகளை வேலை தேடி வெளியே கொண்டுசெல்கிறது. படத்தில் அழகாகச் சுருளும் புகையைக் கண்டு மயங்குங்கால், சுரங்கத் தூசியை நுரையீரலில் ஏற்று இருமியே மாய்ந்தோரையும் நினைத்தல் வேண்டும். அந்நினைவில்லாத ஏக்கம் அரைக் கலையே.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இல்லத்துப் பெட்டிகளில் இத்தகைய படமிருப்பின் வெளியே எடுங்கள். முதியோரை அருகமர்த்தி, நிற்பவர் இன்னார் என்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். தங்கம் ஈன்ற ஊரின் முகங்களை வெள்ளி இதுவரை காத்து நின்றது. பெயர்களைக் காப்பது நம் கடன்.