மெழுகுதிரியின் மஞ்சள்: ‘பாரி லிண்டன்’ படத்தின் நிறச் சமநிலை

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975-இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ முழுவதும் இயற்கை ஒளியிலேயே எடுக்கப்பட்டதென்று கூறுவாருளர். அக்கூற்றுப் பொருந்தாது. பகற்பொழுதின் உள்ளறைக் காட்சிகள் பலவற்றிற்குச் சாளரத்தின் புறத்தே மின்விளக்குகளை வைத்தே ஒளி பாய்ச்சினார் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட். மின்னொளி விலக்கப்பெற்றது இரவில் மெழுகுதிரி எரியும் காட்சிகளிலேயாம். ஆங்கும், 0.7 துளை எண் கொண்ட செய்ஸ் வில்லையின் பெருமையைப் பேசுவோர் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இதனைப் பெருங்குறையாகவே கருதுகின்றோம்.

வில்லை தீர்த்தது ஒளியின் அளவு பற்றிய இடரை. ஒளியின் நிறம் வேறொரு வினா. நம் கண் எவ்விளக்கின்கீழும் வெள்ளைத் துணியைப் பெரும்பாலும் வெள்ளையென்றே கொள்ளும். படச்சுருளுக்கு அவ்விரக்கம் இல்லை. மின்விளக்குக்கெனச் சமன்செய்த சுருள் 3200 கெல்வின் ஒளியில் வெண்மையை வெண்மையாகக் காட்டும். மெழுகுதிரிச் சுடரோ ஏறத்தாழ 1900 கெல்வின். நீலம் அதில் மிகக் குறைவு. ஆதலின் முகமும் சுவரும் பொன்மஞ்சளாகப் பதியும். வில்லையின்முன் நீலக் கண்ணாடி இட்டால் மஞ்சள் தணியும். ஆயின், முன்னமே போதாத ஒளியிற் பெரும்பகுதியை அக்கண்ணாடி விழுங்கிவிடும்.

அற்றேல், அம்மஞ்சள் வேறு வழியின்மையால் நேர்ந்ததன்றோ. அது கலையாவது எங்ஙனம் எனின், பாதி உண்மையே. துணைக்கு மின்விளக்கு வைத்திருப்பின் வழி பிறந்திருக்கும். படியெடுக்கும்போதும் ஓரளவு தணித்திருக்கலாம். ஆல்காட் செய்ததோ, சரவிளக்குகளுக்கு மேலே உலோகத் தகடுகளை அமைத்ததே. கூரையைச் சூட்டினின்று காத்த அத்தகடுகள் திரியின் ஒளியையே கீழே திருப்பின. அளவு பெருகிற்று; நிறம் மாறவில்லை. ஈண்டுத்தான் தேர்வு புலனாகின்றது.

சூதாட்டக் காட்சியை நோக்குக. பாரியும் லிண்டன் சீமாட்டியும் மேசையின் இருபுறமிருந்து ஒருவரையொருவர் நோக்குகின்றனர். வெண்பூச்சுப் பூசிய முகங்களெல்லாம் ஒரே மஞ்சளில் தோய்ந்துள்ளன. குவியத்தின் ஆழமின்மையால் நடிகர் அசையாது அமர்ந்திருப்பதையும் மறைப்பதற்கில்லை. அவ்விறுக்கமும் அக்கூட்டத்திற்குப் பொருந்தியே நிற்கின்றது. சீமாட்டி எழுந்து வெளிமாடத்திற்குச் செல்கின்றாள். அங்கே இரவின் குளிர்ந்த நீலம். பொழுதை முதற்பொருளுள் வைத்த தொல்காப்பியரைப் பயின்றார்க்கு இம்மாற்றத்தின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இன்றைய எண்ணியல் கருவிகள் தாமே வெண்மையைச் சமன்செய்துவிடுகின்றன. அங்ஙனம் உள்ளறையின் மஞ்சள் முழுவதும் வெளுக்கப்பட்டிருப்பின், பாரி அவளைப் பின்தொடர்ந்து வாயிலைக் கடக்கும்போது இருவேறு உலகங்களுக்கிடையே நடக்கின்றான் என்பது நமக்குப் புலப்பட்டிராது.