பவழ உலக்கையும் மர உலக்கையும்

மின்பொறிகள் அடுக்களையில் புகுந்தமையால் வள்ளைப்பாட்டு அழிந்தது, பெண்கள் பாடி மகிழ்ந்து செய்த வேலை பாட்டற்றுப் போயிற்று என்று வருந்தி எழுதுவோர் நம்மிடையே பலர் உளர். வகுப்பறையிலும் இக்கருத்து அப்படியே ஒப்பிக்கப்படுகிறது. இதனை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை.

முதற்கண் பாட்டையே நோக்குவோம். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் மகளிர் குற்றுவது நெல்லன்று, முத்து. புகார் மகளிர்க்குக் கரும்பு உலக்கை; மதுரை மகளிர்க்குப் பவழ உலக்கை; வஞ்சி மகளிர்க்கோ யானைக்கோடு. மூவேந்தரை வாழ்த்துமிடத்து இத்தகைய புனைவு பொருந்தும். இளங்கோவடிகளைக் குறை கூற இடமில்லை. ஆனால், இதனைச் சான்றாக்கி உலக்கை பிடித்த கை இன்புற்றது என்று முடிவு கட்டுவது திறனாய்வு ஆகாது. நம் பாட்டியர் ஓச்சியது இரும்புப் பூண் கட்டிய மர உலக்கை. அது உள்ளங்கையைக் காய்க்கச் செய்தது.

காலக்கணக்கும் பிழை. வள்ளைப்பாட்டுக்கு உரிய தொழில் நெற்குற்றல். அஃது அரிசி ஆலைக்குச் சென்றபொழுதே பாட்டும் தளர்ந்தது. கோயம்புத்தூரில் 1950களில் உருவான மின் அரைவைப் பொறி நீக்கியது உரலையன்று, ஆட்டுக்கல்லையே. மலாயாத் தோட்டங்களிலோ நம்மவர் உண்டது பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த ஆலையரிசி. ஈண்டுப் பெண்ணுக்கு எஞ்சியது அம்மியும் ஆட்டுக்கல்லும். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லவேண்டிய பால்மரத் தொழிலாளிக்கு அம்மி இசைக்கருவியாக இருந்திராது!

எனினும் இழப்பே இல்லை என்பேனா? அன்று. குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் சேர்ந்து குற்றுகின்றனர். ஒருத்தி தலைவனைப் பழிக்க, மற்றொருத்தி புகழ்கிறாள். மறைந்து நின்று கேட்கும் தலைவனுக்கு அவர்தம் மனம் புலனாகிறது. வீட்டார் முன் சொல்லவியலாததைச் சொல்ல அவ்வேலை இடமளித்தது. உலக்கையை நான் புகழேன். ஓர் உரலுக்கு இருவர் நின்றதைப் புகழ்வேன்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில், பொறிகள் உடல்வருத்தத்தைக் குறைத்தனவேயன்றி இல்லத்தரசியின் வேலைநேரத்தை அந்த அளவுக்குக் குறைக்கவில்லை என்று காட்டினார். ஆடவரும் பிள்ளைகளும் பணியாளரும் செய்துவந்தவை அவள்மேல் விழுந்தன. தூய்மை பற்றிய எதிர்பார்ப்பும் உயர்ந்தது. நம் வீடுகளிலும் இதனைக் காணலாம். எளியோர் இல்லங்களில் திருநாளுக்கு மட்டும் சுட்ட தோசை அன்றாட உணவாயிற்று; அதற்கேற்ப மாவரைக்கும் நாள்களும் பெருகின. ஊறவைப்பதும் பொறியைக் கழுவுவதும் பெரும்பாலும் அவள் கையிலேயே உள்ளன. மாவைத் தள்ளிவிட்டபடி கதைபேச, எதிரே அமர்ந்திருந்த அண்டைவீட்டுப் பெண்தான் இல்லை.