கேமரன் மலையில் புத்தகப் பேச்சு: எப்படி ரசிப்பது?

நல்ல நாவலைத் தேடிப் படிக்கிற பலர், அதைப் படித்த இன்னொருவர் பேசும்போது காது கொடுப்பதில்லை. தன் கருத்தைச் சொல்ல இடைவெளி கிடைக்குமா என்று காத்திருக்கிறார்கள். வாசகர் பேச்சும் ரசிக்கத்தக்க ஒன்றுதான். அதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

மலாயாவில் ரசனையை வகுப்பு வைத்தே சொல்லித் தந்த காலம் உண்டு. 1950–51இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பிறகு சுப. நாராயணன் சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். எழுதுவதற்குப் பயிற்சி தந்ததோடு நில்லாமல் படிப்பதற்கும் பயிற்சி தர நினைத்த அந்த மனிதரை நாம் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் எண்ணம். 1952இல் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் சேர்ந்தார். 1957 வரை இங்கே இருந்தார். அவரைச் சுற்றி இளம் எழுத்தாளர்கள் கூடிப் பேசினார்கள். புத்தகம் பேசுவது இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதல்ல.

அந்தப் பேச்சைக் கேட்கக் கேமரன் மலையைப் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. தமிழில் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய கதைகள் கணிசமாக உள்ளன. அவற்றைத் தேயிலை தெரிந்தவர்களோடு பேசிப் பார்க்க மலேசியாவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியபோது காடு திருத்தி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் பெரும்பங்கு. இன்று மலைச்சரிவில் வேலை செய்வோரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கம் கடை வைத்திருக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். தோட்டத்து நினைவு இப்போது ஒட்டுக்கடை மேசைகளில்தான் அதிகம் கிடைக்கிறது.

ஒருமுறை அப்படி ஒரு மேசையில், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டியிடம் ‘எரியும் பனிக்காடு’ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல் அது. இரா. முருகவேள் தமிழாக்கினார். 2013இல் வந்த ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படையும் அதுதான். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலையேறுவது, கங்காணி, துரை, காய்ச்சல், சாவு என்று நான் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். பாட்டி கேட்டார்: “மழ நாள்ல ஈரக் கொழுந்துன்னு எடையில கழிப்பாங்களே தம்பி, அத எழுதியிருக்காரா?”

பிறகு தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டு மேசைமேல் கையால் காட்டினார். கூடை இங்கே, தராசு இங்கே, கணக்கப்பிள்ளை நிற்பது இங்கே. கொழுந்து பறித்தவள் நிற்கும் இடத்திலிருந்து தராசு முள் தெரியாது. தெரிந்தாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. கூடைக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழிந்தது போக மிச்சம்தான் கூலி.

வீட்டுக்கு வந்து அந்த நாவலை மறுபடி எடுத்தேன். கொழுந்து நிறுக்கிறார்கள் என்று வருகிற இடமெல்லாம் கனத்தது. அந்த வரிகளை முன்பு வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

அதனால் என் முதல் பரிந்துரை இது. ஒரு வாசகரின் முடிவைவிட அவருடைய கேள்வியைக் கவனியுங்கள். ‘நல்லா இருக்கு’, ‘சுமார்’, ‘படிக்கவே முடியலை’ என்பதெல்லாம் யாரும் எந்த நூலைப் பற்றியும் சொல்லிவிடலாம். எந்த இடத்தில் நின்றார், என்ன கேட்டார் என்பதில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. ‘கதை எப்படி?’ என்று தொடங்காமல் ‘எந்த இடத்துல புத்தகத்த மூடி வெச்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு திசையில் போகும். அதைக் கதைக்கு இழுத்து வரத் துடிக்காதீர்கள். அந்த விலகலில்தான் தராசு வந்தது.

அடுத்தது சண்டை. புத்தகப் பேச்சில் சண்டை வந்தால் சமாதானம் பேச வேண்டாம். தேயிலை என்றதும் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ கதை வந்தே தீரும். அதில் மருதி போய்ச் சேர்வது இலங்கையின் வாட்டர்பாலம் தோட்டம். புதுமைப்பித்தன் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லர். டேனியலோ நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தவர். ‘பார்த்தவன் எழுதியதுதான் உண்மை’ என்பார் ஒருவர். ‘அப்படியானால் மருதி ஏன் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள்?’ என்பார் மற்றவர். நான் இரண்டாமவர் கட்சி. டேனியலிடம் ஒரு காலத்தின் கொடுமை முழுவதும் சாட்சியமாக இருக்கிறது. மருதியிடம் ஒரு பெண்ணின் மனம் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் டேனியல் பக்கம் சாய்கிறார்கள். தங்களுக்கு நடந்தது ஏட்டில் ஏற வேண்டும் என்பது அவர்களுடைய முதல் தேவை. அந்த நியாயம் புரிந்த பிறகு நான் அழகியல் பேசிக் குறுக்கிடுவதை விட்டுவிட்டேன்.

கேமரன் மலையையே களமாகக் கொண்ட ஒரு பெரிய நாவலும் உண்டு. தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்’ 2012இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. ஜப்பானிய முகாமில் தமக்கையைப் பறிகொடுத்த யுன் லிங், அவள் நினைவாகத் தோட்டம் அமைக்க ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞரிடமே போய் நிற்கிறாள். பக்கத்தில் மஜூபா என்ற தேயிலைத் தோட்டம். கோலாலம்பூர் நண்பர்கள் இதைப் பேசினால் நினைவு, மறதி, மன்னிப்பு என்று போகும். மலையில் பேசினால், ‘அந்த மஜூபாவுல கொழுந்து பறிச்சவங்க யாரு, அவங்க வீட்டுல என்ன நடந்துச்சு?’ என்று கேட்கிறார்கள். இதை நாவலாசிரியர் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு நாவல் நிற்கிற இடத்துக்கு அப்பால் வாசகர் தானே கதையை வளர்க்கிறார். அதைக் கேட்பதுதான் சுகம். முடிந்தால் இந்த நாவலை இரண்டு இடத்திலும் பேசிப் பாருங்கள்.

இளைஞர்களையும் விட்டுவிடாதீர்கள். முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய அஸ்ஸாம் தோட்ட நாவலின் பெயரே இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான்; கையால் கொழுந்து கிள்ளுகிற முறை அது. இன்று கேமரன் மலையில் பெரும்பாலும் கத்தரியும் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும்தான். அதை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தலைப்பு பழங்கதை. அவனிடம் பாட்டியைப் பேசவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். விரலை எப்படி மடக்குவது என்று அவர் காட்டிவிடுவார்.

முழுதும் படிக்காதவரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் போதும். தோட்டங்களில் எழுத்துத் தெரிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட வழக்கம் இருந்தது. கேட்டவர்கள் சொன்ன அபிப்பிராயம் படித்தவருடையதற்கு இளைத்ததில்லை. மூன்று, நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும்.

எதை எடுத்துப் போவது என்று கேட்டால், ‘துன்பக்கேணி’தான். தாப்பாவிலிருந்து மலையேறும் நேரத்தில் படித்து முடித்துவிடலாம். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் கடையில் கூட்டம் குறையும், பேச நேரம் கிடைக்கும். வயதானவர் யாராவது இருந்தால் கதையை நீங்களே சொல்லத் தொடங்குங்கள். மருதி ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்தி, அவருடைய பெற்றோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேளுங்கள். ‘ரஜூலா’ என்று பதில் வந்தால் இன்னொரு தேநீர் சொல்லிவிடுங்கள். இனி அவர்தான் கதை சொல்லப் போகிறார்.