குஸ்தன்தீனிய்யாவில் இப்னு பதூதா

இஸ்தன்பூல் மாநகரைக் கிழக்கும் மேற்கும் கைகோக்கும் இடம் என்று வருணிப்பது பயண நூலாரின் வழக்கமாகிவிட்டது. 1973ஆம் ஆண்டு பொஸ்பரஸ் நீரிணையின்மீது முதற்பாலம் திறக்கப்பட்டபின் அவ்வருணனைக்கு ஒரு படமும் வாய்த்தது. ஆனால், பைசாந்தியப் பேரரசர் ஆண்ட காலத்தில் அந்நகரை நேரிற் கண்ட இப்னு பதூதாவின் ரிஹ்லாவில் இவ்வலங்காரம் இல்லை. அங்கு இருப்பது என்ன, அதனை எவ்வளவு நம்பலாம் என்பதே நம் வினா.

உஸ்பெக் கானின் மனைவியரில் ஒருவர் பேரரசரின் மகள் என்றும், அவர் தந்தையைக் காணச் சென்றபோது தாமும் உடன் சென்றதாகவும் இப்னு பதூதா கூறுகிறார். அப்பயணம் 1332இலா 1334இலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இப்னு ஜுஸைய் அதனைக் கேட்டு எழுதி நூலை நிறைவு செய்தது 1355இல். இடையே இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதை வாசகர் மறத்தலாகாது.

பிழைகள் சிறியன அல்ல. துறவு பூண்ட முன்னாள் பேரரசரைக் கண்டு உரையாடியதாக அவர் சொல்கிறார். அவ்வாறு துறவியான இரண்டாம் அந்திரோனிக்கோஸோ 1332 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். போப்பாண்டவர் ஆண்டுதோறும் அயா சோபியாவுக்கு வருவார் என்கிறார். கீழைத் திருச்சபையும் உரோமைத் திருச்சபையும் 1054லேயே பிரிந்தன; போப்போ அந்நாளில் பிரான்சு நாட்டை அடுத்த அவிஞோனில் இருந்தார். ஜஸ்தீனியன் 537இல் கட்டி முடித்த அவ்வாலயத்தை, ஸுலைமான் நபியின் உறவினரான ஆஸஃப் கட்டியதாகச் சொல்வர் என்றும் எழுதிவைத்தார்.

நம்மவர் நூல் என்பதற்காக இவற்றை மூடிமறைப்பது முறையன்று. இவற்றுக்காக நூலையே தள்ளுவதும் முறையன்று. கண்டவர் கூற்றையும் கேட்டவர் கூற்றையும் பிரித்து நிறுப்பது ஹதீஸ் கலை நமக்குப் பயிற்றிய ஒழுங்கு. அதற்கு இப்னு பதூதாவே வழிவிடுகிறார். சிலுவைக்குச் சிரம் தாழ்த்தாமல் அயா சோபியாவின் உள்ளே செல்ல இயலாது என்பதால், புறத்தை மட்டுமே கண்டேன், அகத்தைக் காணவில்லை என்று ஒளிவின்றி உரைக்கிறார். இந்நேர்மை எத்தனை பயண நூல்களில் உண்டு?

அவர் கண்ணால் கண்ட பகுதிகள் விலைமதிப்பற்றவை. நீரின் ஒருபுறம் உரோமர் நகர். மறுபுறம் கலாத்தாவில் ஜெனோவா, வெனிஸ் முதலிய நாட்டு வணிகர். அந்நாளில் கிழக்கையும் மேற்கையும் பிரித்த கோடு கிறித்தவ உலகின் நடுவிலேயே ஓடியது. 1204இல் அந்நகரைச் சூறையாடியவர் மேலைநாட்டுச் சிலுவைப் படையினரே அன்றோ! அரசவையில் ஷாம் நாட்டு யூதர் ஒருவர் மொழிபெயர்க்க, கிறித்தவப் பேரரசர் முஸ்லிம் பயணியிடம் பைத்துல் முகத்தஸைப் பற்றி ஆவலுடன் வினவுகிறார். உண்மையான சந்திப்பு இதுவே.

சில ஆண்டுகளுக்குப்பின் மதுரைக்கு வந்த இதே இப்னு பதூதா, தம் சகலையான சுல்தான் கியாஸுத்தீனின் கொடுமைகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அயலார் அளித்த மரியாதையை மறைக்காமலும், உறவினர் செய்த கொடுமையைப் பொறுக்காமலும் எழுதிய கை அது. ஆண்டும் பெயரும் பிழைபட்ட இடங்களில் அவரைத் திருத்திப் படிப்போம். அந்த நடுநிலையை அவரிடமிருந்து கற்போம்.