நாவா, செவியா?

தமிழ்ப் பேச்சுப் போட்டி மேடைகளில் நடுவர் முதலில் தேடுவது ழகரத்தை. 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால் மதிப்பெண் குறையும். அதே மாணவி 'மறம்' என்பதை 'மரம்' போல ஒலித்தாலோ ஒருவரும் தலை நிமிர்வதில்லை. காரணம் எளிது, நடுவர் செவிக்கே அவ்விரண்டும் வேறாகக் கேட்பதில்லை! இவர்கள்தாம் இளையோர் தமிழைக் கெடுத்தனர் என்று பழி கூறுகின்றனர்.

தொல்காப்பியர் றகரத்தை வல்லினத்தில் வைத்தார். பிறப்பில் னகரத்தோடு சேர்த்தார். ரகரமோ இடையினம், அது ழகரத்தோடு பிறக்கும் என்றார். இவை இரண்டும் தமிழகத்துப் பெரும்பகுதிப் பேச்சில் ஒன்றாகிவிட்டன. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கப்பலேறும் முன்பே அவ்வேறுபாட்டை இழந்தவர். ழகரத்தையும் பலர் ளகரமாகவே பேசினர். இரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்தார் வழிவந்த முதியவர் ஒருவர் 'வெற்றி' என்று சொல்லக் கேளுங்கள். மேற்பல்லுக்குப் பின்னால் நாநுனி மோதி நிற்கும்; அது பழைய வல்லினமே. ஆனால் 'பழம்' அவர் பேச்சிலும் 'பளம்'தான். யாரை யார் குறை கூறுவது?

நிற்க. கொரிய மொழியில் 'தல்' என்றால் சந்திரன். முதலெழுத்தை மூச்சு மிகுத்துச் சொன்னால் முகமூடி. சியோல் நகரத்து முதியோர் மூச்சின் அளவால் இவற்றைப் பிரித்தறிவர். இளையோர்க்கோ குரலின் ஏற்ற இறக்கமே அடையாளம்: சந்திரன் தாழ்ந்த குரல், முகமூடி உயர்ந்த குரல். அங்கே வேறுபாடு அழியவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது.

நம் இளையோரிடம் அத்தகைய இடப்பெயர்ச்சி தென்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிள்ளான் வீதியில் பிள்ளை கேட்கும் மலாயில் லகரம் ஒன்று, ரகரம் ஒன்று. வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகக் கேட்கும் செவியை விட்டுவிட்டு, 'நாவை மடக்கு' என்று அதட்டுவதால் என்ன பயன்? அதட்டலுக்கு அஞ்சிய பிள்ளை தண்ணீர் வாளியையும் 'வாழி' என வாழ்த்தத் தொடங்கும். மேடையில் ஒருமுறை நகைப்புக்கு ஆளான பிள்ளை, மறுமுறை தமிழில் வாய் திறக்கவே தயங்கும். நாம் அஞ்ச வேண்டியது அதற்கே.

ஆசிரியர் அம்மூன்று சொற்களையும் முன்பின்னாகச் சொல்லி, எது கேட்டது எனப் பிள்ளைகளைச் சுட்டிக் காட்டச் சொல்லட்டும். நாவுக்குப் பயிற்சி அதன் பின்னர். மரமும் மறமும் கலந்த அதே தேர்வில் நடுவர்களும் ஒருநாள் உட்காரட்டும்.