மெச்னிகாவ் சொன்ன தயிரும் நம் குடலும்

வயிற்றுக் கோளாறு என்று சொன்னவுடன், "தினமும் தயிர் சாப்பிடுங்கள், அதில் நல்ல பாக்டீரியா இருக்கிறது" என்று யாரேனும் உங்களுக்கும் அறிவுரை கூறியிருப்பார்கள். இக்கருத்தை உலகெங்கும் பரப்பிய நூல் ஒன்று உண்டு. இல்யா மெச்னிகாவ் 1907-இல் பிரெஞ்சில் வெளியிட்டு, பின்பு 'ஆயுள் நீடிப்பு' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்த நூல் அது. அதை இன்று திறனாய்வுக் கண்ணோடு படிப்பது பயன் தரும்.

நூலாசிரியர் சாதாரணமானவர் அல்லர். வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதைக் கண்டறிந்து, 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவருடைய வாதம் இதுதான்: பெருங்குடலில் தேங்கும் கழிவை நுண்ணுயிர்கள் அழுகச் செய்கின்றன, அதில் தோன்றும் நஞ்சு உடலில் பரவி முதுமையை விரைவுபடுத்துகிறது, புளித்த பாலிலுள்ள பாக்டீரியாக்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலம் அழுகலைத் தடுக்கும்.

பால் புளித்தால் எளிதில் அழுகுவதில்லை என்பது உண்மை. ஆனால் கிண்ணத்தில் நடப்பது குடலிலும் நடக்கும் என்று எப்படிக் கொள்வது? இங்கேதான் நூல் தாவிச் செல்கிறது. தயிர் மிகுதியாக உண்ணும் பல்கேரியாவில் நூறு வயதைக் கடந்தவர்கள் பலர் என்ற செய்தியை ஆசிரியர் சான்றாகக் காட்டுகிறார். அவர்களுடைய வயதுக் கணக்கு சரியானதா? தயிர் உண்டும் இளமையில் இறந்தவர்கள் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்கு விடை இல்லை. தாமே பல ஆண்டுகள் புளித்த பால் அருந்தி நலமடைந்ததாகவும் எழுதுகிறார். அவர் 1916-இல் 71-ஆம் வயதில் மறைந்தார். அதைக் கொண்டு அவர் கொள்கையைப் பொய் என்பதும் தவறு. ஒருவரின் அனுபவம் எதையும் மெய்ப்பிப்பதில்லை, பொய்ப்பிப்பதும் இல்லை.

பின்னால் நடந்தது என்ன? குடல் நஞ்சு என்ற எண்ணம் வலுத்த அக்காலத்தில், லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் மலச்சிக்கல் நோயாளிகள் சிலரின் பெருங்குடலையே அகற்றினார். சோதிக்கப்படாத கருத்து இவ்வளவு தூரம் செல்லக்கூடும்! பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் லியோ ரெட்கர் குழுவினர் 1921-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இன்று அதே தாவல் எரிச்சல் குடல் நோயில் தொடர்கிறது. அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இவை தாமாகவே கூடும், குறையும். சோதனைகளில் மருந்தில்லாத போலி மாத்திரை உண்டவர்களிலும் கணிசமானோர் நலமடைந்ததாகக் கூறுகின்றனர். ஆகவே "சாப்பிட்டேன், குணமானது" என்பது சான்றாகாது. எந்த பாக்டீரியா வகை, எத்தனை கோடி, எந்தத் தொல்லைக்கு என்று கேட்க வேண்டும். 2021-இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி இந்நோய்க்குப் புரோபயாடிக்குகளைப் பரிந்துரைக்கவில்லை. அதே ஆண்டு பிரிட்டிஷ் இரைப்பைக் குடலியல் கழகமோ, 12 வாரங்கள் வரை முயன்று பார்க்கலாம், பயனில்லையேல் நிறுத்திவிடலாம் என்றது. வல்லுநர்களே ஒன்றுபடவில்லை என்றால், சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை என்றே பொருள்.

அப்படியானால் தயிர் பயனற்றதா? இல்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை சிலருக்குச் செரிப்பதில்லை. பால் குடித்தால் வாயுவும் பேதியும் உண்டாகும். தயிரின் பாக்டீரியாக்கள் அச்சர்க்கரையைச் செரிக்க உதவுகின்றன. இத்தகையவர் பாலை விட்டுத் தயிருக்கு மாறினால் நலமடைவார். ஆனால் அது எரிச்சல் குடல் குணமானதாகாது. இட்லி மாவிலும் பாக்டீரியாக்கள் உண்டு. வேகும்போது அவை மடிந்துவிடுகின்றன. இட்லி நல்ல உணவுதான். உயிருள்ள பாக்டீரியாவைத் தரும் மருந்து அன்று.

தயிர் ஒத்துக்கொண்டால் உண்ணுங்கள். ஆனால் மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை ஆகியவை இருந்தால் தயிரை நம்பிக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

குடல் நுண்ணுயிர்களுக்கும் நம் நலத்துக்கும் தொடர்பு உண்டென முன்கூட்டியே உணர்ந்தது மெச்னிகாவ் நூலின் பெருமை. ஊகத்தை முடிவாக்கியது அதன் குறை. பெருமையை மதிப்போம், குறையை மீண்டும் செய்யாதிருப்போம்.